மிளகாய் ஜெல்லி உறையும் கணக்கு

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கழித்த ஆண்டுகளை நினைக்கும்போது, அந்த ஊர்ச் சாப்பாட்டில் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மிளகாய் ஜெல்லிதான். டெக்சஸ், லூசியானா, ஜார்ஜியா என்று எந்தப் பக்கம் போனாலும் அது உண்டு. நம் ஊரில் ஜெல்லி என்றால் பாக்கெட் பொடியை வெந்நீரில் கரைத்துக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பது. அங்கே அப்படியில்லை. சாற்றைச் சர்க்கரையோடு காய்ச்சி, கண்ணாடி பாட்டிலில் அடைத்து, மாதக்கணக்கில் வைத்துத் தின்பதே அவர்களுக்கு ஜெல்லி. பழச் சதையும் சேர்ந்தால் ஜாம். மிளகாய் ஜெல்லியில் பழம் இருக்க வேண்டிய இடத்தில் குடைமிளகாயும், காரத்துக்கு ஹாலபெனோ போன்ற மிளகாயும் இருக்கும். வினிகரும் சர்க்கரையும் கூடவே சேரும். கிரீம் சீஸ் கட்டி ஒன்றைத் தட்டில் வைத்து, அதன் தலையில் இந்த ஜெல்லியைக் கொட்டி, உப்பு பிஸ்கட்டால் வழித்துத் தின்பார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று என்று இரண்டு பாட்டில்களைப் பரிசாகக் கொடுப்பதும் வழக்கம். இனிப்பு, புளிப்பு, காரம் மூன்றும் ஒரே வாயில் வருவதால், மாங்காய்ப் பச்சடி தின்று வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாகவே படாது.

இந்த ஜெல்லியைப் பற்றி அங்கே எல்லோரும் ஒருமுறையாவது சொல்லும் குறை ஒன்றுதான்: உறையவில்லை. பாட்டிலைச் சாய்த்தால் பாகு மாதிரி ஓடுகிறது. சொல்லப்படும் காரணங்கள் பலவிதம். மழை பெய்துகொண்டிருந்தது, மிளகாய் அவ்வளவு நன்றாக இல்லை, அடுப்பு சரியில்லை, எனக்குக் கைராசி இல்லை. இத்தனை காலம் கேட்டும் செய்தும் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. உறையாத மிளகாய் ஜெல்லிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், சர்க்கரையையும் வினிகரையும் சுவைக்கான பொருள்களாக எண்ணி, நாக்குக்குத் தக்கபடி கூட்டிக் குறைப்பது. இந்தச் சமையலில் அவை இரண்டும் முதலில் கட்டுமானப் பொருள்கள்; சுவை அதற்குப் பிறகுதான். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் எதைத் தொடக் கூடாது, எதை விருப்பம்போல் மாற்றலாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

தமிழ்ச் சமையல் பழகியவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் இடைஞ்சல் உண்டு. நமக்குப் பாகு தெரியும். அதிரசத்துக்கு வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்போம். மைசூர்பாகுக்கு விரலிடையில் கம்பி வருகிறதா என்று இழுத்துப் பார்ப்போம். அங்கெல்லாம் தண்ணீர் வற்ற வற்றப் பாகு இறுகுகிறது. ஆகவே இளகலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் காய்ச்சு என்பது நம் கையிலேயே ஊறிவிட்ட பாடம். ஜெல்லியைப் பாகு என்று நினைப்பவர்கள் இங்கேயும் அதையே செய்கிறார்கள். ஆனால் ஜெல்லியைத் தாங்கிப் பிடிப்பது பாகின் இறுக்கம் அல்ல. தாவரச் செல்களின் சுவர்களில் இருக்கும் பெக்டின் என்ற கார்போஹைட்ரேட் வகைப் பொருள் நீண்ட இழைகளாகப் பின்னிக்கொண்டு தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைப்பதால்தான் ஜெல்லி நிற்கிறது. வெகுநேரம் கொதித்தால் அந்த இழைகள் துண்டு துண்டாகிவிடும். இளகலாக இருக்கிறதே என்று மேலும் கால்மணி நேரம் காய்ச்சுபவர், உறைய வைக்கும் பொருளையே அடுப்பில் அழித்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் அவருக்குக் கிடைப்பது கெட்டியான, நூலாக இழுபடும் பாகு. கத்தியால் வெட்டினால் விளிம்பு நிற்கும் ஜெல்லி கிடைப்பதில்லை.

பெக்டினைப் பிரித்தெடுத்து அதற்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கோனோ, ஆண்டு 1825. அது எப்படி வேலை செய்கிறது என்பது மிகவும் பிற்பாடுதான் தெளிவானது. தண்ணீரில் கரைந்த பெக்டின் இழைகள் மின்னூட்டம் கொண்டவை. ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும். போதாததற்கு ஒவ்வோர் இழையையும் தண்ணீர் சூழ்ந்து நிற்கும். அமிலம் சேர்ந்தால் அந்த மின்னூட்டம் தணிந்து, தள்ளல் குறைகிறது. சர்க்கரை ஏராளமாகச் சேர்ந்தால் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இரண்டும் நடந்தால்தான் இழைகள் நெருங்கி, ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும். வழக்கமான பெக்டினுக்கு இது நடக்க, கரைசலின் அமில அளவு, அதாவது பி.எச்., ஏறக்குறைய 3 அளவில் இருக்க வேண்டும், 3.5-ஐத் தாண்டினால் பிடிப்பு விட்டுப்போகும். சர்க்கரை மொத்த எடையில் அறுபது சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பெக்டின், அமிலம், சர்க்கரை மூன்றில் ஒன்று குறைந்தாலும், மற்ற இரண்டையும் எவ்வளவு கூட்டினாலும் ஈடாகாது.

இந்த மூன்றில் மிளகாய் தன் பங்காக எதைக் கொண்டுவருகிறது? ஏறக்குறைய எதுவும் இல்லை. கொய்யா, புளிப்பு ஆப்பிள் போன்ற பழங்களில் பெக்டின் தாராளம்; புளிப்பும் ஓரளவு கூடவே வரும். அதனால் கொய்யா ஜெல்லி செய்பவர் கொஞ்சம் முன்பின்னாகப் போனாலும் பழம் அவரைக் காப்பாற்றிவிடும். குடைமிளகாயில் இருக்கும் பெக்டின் இந்த வேலைக்குப் போதாது. புளிப்போ இல்லவே இல்லை, அதன் பி.எச். 5-ஐ ஒட்டியது. ஆகவே மிளகாய் ஜெல்லியில் எல்லாமே வெளியிலிருந்து வர வேண்டியவை: பெக்டின் பாக்கெட்டிலிருந்து, அமிலம் வினிகரிலிருந்து, சர்க்கரை சர்க்கரையிலிருந்து. மிளகாய் கொடுப்பது மணமும் நிறமும் காரமும் மட்டுமே. ஜெல்லி வகைகளில் சமையல்காரரின் அளவை முழுக்க முழுக்க நம்பி நிற்பது இதுதான். ஆகவே தவறும் இதில்தான் உடனே தெரிகிறது.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருக்கும், வீட்டு உணவுப் பதப்படுத்தலுக்கான தேசிய மையம் சோதித்துத் தந்திருக்கும் மஞ்சள் குடைமிளகாய் ஜெல்லியின் அளவை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நறுக்கிய குடைமிளகாய் 5 கப், செரானோ மிளகாய் அரை கப், வினிகர் ஒன்றரை கப், சர்க்கரை 5 கப், 3 அவுன்ஸ் திரவப் பெக்டின் பை ஒன்று. மிளகாயை வினிகரோடு அரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டிய சாறு இரண்டேகால் கப் தேவை. ஒரு கப் 240 மில்லி; ஐந்து கப் சர்க்கரை சுமார் ஒரு கிலோ. சாறு சுமார் 540 கிராம், பெக்டின் சுமார் 85 கிராம் என்று கொண்டால், மொத்தத்தில் சர்க்கரை அறுபது சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. கொதிக்கும்போது ஆவியாகும் தண்ணீரையும் கழித்தால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. எழுதியவர் இனிப்புப் பிரியர் என்பதால் வந்த ஐந்து கப் அல்ல அது. பெக்டின் பிடிக்கும் எல்லையைச் சரியாகத் தொடுவதற்காக வந்தது. இப்போது ஒருவர் இவ்வளவு இனிப்பு எதற்கு என்று மூன்று கப்பாகக் குறைத்தால் சர்க்கரை ஐம்பது சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அந்த ஜெல்லி உறையாது. அதைப் பார்த்துவிட்டுக் கைராசியைக் குறை சொல்வதில் பொருளில்லை.

வினிகரின் கதை இதைவிடக் கண்டிப்பானது. அதன் அளவைக் குறைத்தால் உறைவது மட்டும் கெடுவதில்லை, பாதுகாப்பும் கெடுகிறது. காற்றுப் புகாமல் அடைத்த பாட்டிலில், புளிப்பு குறைந்த பண்டத்தில், கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும், பி.எச். 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது வளர்வதில்லை. குடைமிளகாய் இயல்பாகவே அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் காய். வினிகர்தான் அதைக் கோட்டுக்குக் கீழே இறக்குகிறது. அமெரிக்கக் குறிப்புகளில் வினிகர் என்றால் 5 சதவீத அசிட்டிக் அமிலம் கொண்டது. நம் ஊர்க் கடைகளில் 4 சதவீத வினிகரும் விற்கிறார்கள். இந்தியாவில் இருந்துகொண்டு செய்பவர்கள் லேபிளைப் பார்க்காமல் ஊற்றக் கூடாது. ஒரு சதவீதம்தானே என்று தோன்றினாலும், அமிலத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. வீட்டில் புளிக்கவைத்த வினிகர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதற்கு உதவாது, அதன் பலம் என்னவென்று அளந்து தெரியாததால்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு பாட்டிமாரைப் பற்றியது. அந்தக் காலத்தில் யார் அளந்தார்கள், பாக்கெட் பெக்டின் ஏது, அவர்கள் செய்த ஜெல்லி உறையவில்லையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் செய்தது மிளகாய் ஜெல்லி அல்ல. காட்டு ஆப்பிள், திராட்சை, குவின்ஸ் என்று பெக்டினும் புளிப்பும் தாமே வைத்திருக்கும் பழங்களில் செய்தார்கள். பழுத்ததோடு கொஞ்சம் காயையும் சேர்த்துக்கொண்டார்கள், காயில் பெக்டின் அதிகம் என்று அனுபவத்தில் தெரிந்ததால். பெக்டின் குறைந்த பழம் என்றால் ஆப்பிள் சாற்றைக் கலந்தார்கள். அளவே இல்லாமல் செய்தார்கள் என்பதும் சரியல்ல. குளிர்ந்த கரண்டியில் எடுத்துச் சாய்த்தால், விளிம்பில் இரண்டு சொட்டாக விழாமல் ஒன்றுசேர்ந்து தகடாக வழிகிறதா என்று பார்த்தார்கள். அதுவும் ஓர் அளவுகோல்தான். ராபர்ட் டக்ளஸ் திரவப் பெக்டினுக்கு அமெரிக்காவில் 1913-இல் காப்புரிமை பெற்று, அது பாட்டிலில் கடைக்கு வந்த பிறகே, தன்னிடம் பெக்டின் போதாத பண்டங்களிலும் துணிந்து ஜெல்லி செய்ய முடிந்தது. பாக்கெட் பெக்டின் செயற்கைச் சரக்கு என்ற பயத்துக்கும் இடமில்லை. சாறு பிழிந்த ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுக்கப்படுவதுதான் அது. பாட்டி ஆப்பிள் சாறாகக் கலந்ததையே நாம் பாக்கெட்டில் வாங்குகிறோம்.

இரண்டாவது மறுப்பு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: ஒரு கிலோ சர்க்கரை உடம்புக்கு ஆகுமா? நீரிழிவு இல்லாத வீடு அரிதாகிவிட்ட காலத்தில் இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. குறைந்த சர்க்கரையில் உறைய வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது, ஆனால் அது வழக்கமான பெக்டினில் சர்க்கரையைக் குறைக்கும் வழி அல்ல. குறைந்த மெத்தாக்சில் பெக்டின் என்று வேறு வகை உண்டு. அது சர்க்கரையை நம்பாமல் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உறையும். பொமோனா போன்ற பெயர்களில், கால்சியப் பொடிப் பொட்டலத்தோடு சேர்த்தே அமெரிக்கக் கடைகளில் விற்கிறார்கள். அதற்கென்று எழுதிய குறிப்பை வைத்துச் செய்தால் சர்க்கரை பாதிக்கும் கீழே போனாலும் ஜெல்லி நிற்கும். ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்: சர்க்கரை குறைந்தால் திறந்த பாட்டில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், நிறமும் மங்கும். அது நேர்மையான பரிமாற்றம். ஒரு பெக்டினுக்கு எழுதிய குறிப்பில் இன்னொரு பெக்டினைப் போட்டு, சர்க்கரையையும் பாதியாக்கிவிட்டு, உறையட்டும் என்று காத்திருப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

மழையைப் பற்றிய நம்பிக்கையை முழுப் பொய் என்று தள்ள முடியாது. காற்றழுத்தம் குறைந்த நாளில் தண்ணீர் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். அதனால் தெர்மாமீட்டரை மட்டும் பார்த்து இறக்குபவருக்குக் கணக்கு கொஞ்சம் தவறும். ஆனால் மழையால் வரும் வித்தியாசம் சிறிது. உயரத்தால் வருவதே பெரிது. பெக்டின் சேர்க்காமல் பழச்சாற்றை மட்டும் காய்ச்சும் ஜெல்லிக்கு, தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 8 டிகிரி பாரன்ஹீட் கூடுதல் என்பது விதி. கடல்மட்டத்தில் அது 220 டிகிரி. அந்த 220-ஐ மனப்பாடம் செய்துகொண்டு, 5,280 அடி உயரத்தில் இருக்கும் டென்வரில் காய்ச்சினால் என்ன ஆகும்? அங்கே தண்ணீர் 202 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 210-இல் இறக்க வேண்டியதை 220 வரை ஏற்றினால் தோல் மாதிரி விறைத்த பண்டமே மிஞ்சும். நம் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் கொய்யா ஜெல்லியோ பிளம்ஸ் ஜெல்லியோ செய்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். டென்வரைவிட அவை இரண்டும் உயரம். மிளகாய் ஜெல்லி போன்று பெக்டின் சேர்த்துச் செய்வதற்குத் தெர்மாமீட்டரே தேவையில்லை. அங்கே கடிகாரம்தான் அளவுகோல்.

அந்தக் கடிகாரத்தைத்தான் பலர் தவறாகப் பிடிக்கிறார்கள். முழுக் கொதி ஒரு நிமிடம் என்று குறிப்பில் இருக்கும். கரண்டியால் விடாமல் கிளறினாலும் அடங்காத கொதிக்குத்தான் முழுக் கொதி என்று பெயர். ஓரத்தில் நாலு குமிழி வந்ததும் நிமிடத்தை எண்ணத் தொடங்கினால் அது போதாது. சர்க்கரை கரைந்த சாறு அப்படி முழுக் கொதிக்கு வந்த பிறகு திரவப் பெக்டினை ஊற்றினால் கொதி சற்று அடங்கும். மீண்டும் அதே கொதி வந்த கணத்திலிருந்து ஒரு நிமிடம். அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். பொடிப் பெக்டின் என்றால் வரிசையே மாறும். அதைக் குளிர்ந்த சாற்றில் முதலில் கரைத்துக் கொதிக்கவிட்டு, பிறகுதான் சர்க்கரையைக் கொட்ட வேண்டும். சர்க்கரை முந்திக்கொண்டால் தண்ணீரை அது எடுத்துக்கொள்ளும், பொடி கரையாமல் கட்டி தட்டும். எனவே திரவத்துக்குப் பதில் பொடியை அப்படியே மாற்றிப் போட முடியாது. ஒரே தடவையில் இரட்டை அளவு செய்துவிடலாம் என்ற ஆசையும் இதே காரணத்தால் கெடுதல். பெரிய பாத்திரம் கொதிக்க வெகுநேரம் எடுக்கும், நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு இருக்கும், அதற்குள் பெக்டின் பாதி சிதைந்திருக்கும். இரண்டு மடங்கு வேண்டுமென்றால் இரண்டு தடவை செய்வதே வழி.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் சமையலில் மனுஷக் கைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் கட்டுமானத்தைத் தொடாமல் விட்டவருக்கு மிளகாய் முழுவதும் சொந்தம். மொத்தக் கப் அளவு கூடாதவரை எந்த மிளகாயையும் எந்த மிளகாய்க்கும் மாற்றலாம். ஹாலபெனோவின் காரம் ஸ்கோவில் கணக்கில் 2,500 முதல் 8,000 வரை. ஹபனேரோ ஒரு லட்சத்தைத் தாண்டும். வில்பர் ஸ்கோவில் 1912-இல் வகுத்த அந்த அளவில் குடைமிளகாய்க்குச் சுழியம். ஆகவே குடைமிளகாயைக் குறைத்து அதே அளவு காரமிளகாயைக் கூட்டினால் காரம் மட்டும் ஏறும், உறைவது கெடாது. காரத்தைத் தணிக்க விதையை எடுத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். காரம் உண்மையில் விதையைத் தாங்கும் உள் வெள்ளைத் தசையில்தான் இருக்கிறது, அதை வழித்தெடுக்க வேண்டும். நறுக்கும்போது கையுறை அவசியம், கொதிக்கும்போது சட்டிக்கு நேராக முகத்தை நீட்டக் கூடாது. நிறத்தைச் சிவப்பாக்குவதா மஞ்சளாக்குவதா, சாற்றைத் துணியில் வடித்துக் கண்ணாடி மாதிரித் தெளிவாக வைப்பதா என்பதிலெல்லாம் செய்பவரின் ருசியும் கண்ணும் பேசலாம். மிளகாய்த் துணுக்குகள் மிதக்கும் வகை பிடிக்கும் என்றால் வடிகட்டாமல் செய்வதற்கென்று எழுதிய குறிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். தென்மாநிலங்களில் வீட்டுக்கு வீடு ஜெல்லி வேறுபட்டதெல்லாம் இந்த இடத்தில்தான்.

எல்லாம் சரியாகச் செய்தும் உறையவில்லை என்றால், முதலில் பொறுமை. நிரப்பிய பாட்டில்களைக் கொதிநீரில் குறிப்பு சொல்லும் நேரம் வைத்து எடுத்த பிறகு ஆட்டாமல் விட வேண்டும். ஒரு நாளில் பிடிப்பதும் உண்டு, இரண்டு வாரம் எடுத்துக்கொள்வதும் உண்டு. பிடித்ததா என்று நாளுக்கு நாலு முறை கவிழ்த்துப் பார்ப்பது, பின்னிக்கொள்ளும் இழைகளைப் பிய்ப்பதாகும். அப்படியும் ஓடினால் தூக்கி எறிய வேண்டியதில்லை. 4 கப் ஜெல்லிக்கு முக்கால் கப் சர்க்கரை, பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, திரவப் பெக்டின் 2 மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஜெல்லியைக் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, இவற்றை விரைவாகச் சேர்த்து, முழுக் கொதியில் ஒரு நிமிடம் விட்டு, நுரையை வழித்தெடுத்துவிட்டு, சுத்தமான பாட்டில்களில் புது மூடி போட்டு மறுபடி அடையுங்கள். ஒரே தடவையில் முழுவதையும் போட வேண்டாம். முதலில் ஒரு கப்பில் அதே விகிதத்தில் சோதித்து, உறைந்தால் மீதியைச் செய்யுங்கள். அதற்கும் மனமில்லை என்றால் அப்படியே வைத்துக்கொண்டு, வறுக்கும் கோழியின் மேல் கடைசி ஐந்து நிமிடத்தில் தடவுங்கள். வினிகர் அளவைக் குறைக்காமல் செய்திருந்தால் அது கெட்டுப்போன பண்டமே அல்ல. முதல் முறை செய்யப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சோதித்து எழுதிய ஒரு குறிப்பை எடுத்து, ஒரு கரண்டிகூட மாற்றாமல் ஒரு தடவை செய்து பாருங்கள். அடுத்த தடவை மிளகாயை மட்டும் மாற்றுங்கள்.